கொடி வந்தது, பாடம் வரவில்லை

எர்லாங்கனில் ரோத்தெல்ஹைம்பார்க் பகுதியில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. சீமென்ஸ் வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களும் அந்தத் தெருக்களில் வீடு தேடுகின்றன. 1990-களின் தொடக்கம் வரை அது அமெரிக்க ராணுவத்தின் ஃபெர்ரிஸ் பாசறை. பக்கத்தில் டாங்கிகள் உழுத பயிற்சித் திடல் இப்போது மணற்புல்லுக்கான இயற்கைப் பாதுகாப்பு நிலம். தெற்கே டென்னன்லோஹ காட்டின் பழைய பயிற்சி நிலத்தில் மங்கோலியக் காட்டுக்குதிரைகள் மேய்கின்றன.

அந்தப் பாசறையில் அமெரிக்க 1-ஆம் கவச டிவிஷனின் 2-ஆம் பிரிகேட் இருந்தது. அது அங்கே இருந்ததற்குக் காரணம் வடக்கே, துரிங்கியக் காடுகளுக்கு அப்பால். வைமாருக்குப் பக்கத்தில் நோஹ்ராவில் சோவியத்தின் 8-ஆம் கார்ட்ஸ் ராணுவத் தலைமையகம். ஓர்ட்ரூஃபில் 39-ஆம், நாவும்பர்க்கில் 57-ஆம், ஹாலேயில் 27-ஆம் மோட்டார் ரைபிள் டிவிஷன்கள். யேனாவில் 79-ஆம் டாங்கி டிவிஷன். ஓர்ட்ரூஃபிலிருந்து எர்லாங்கனுக்கு நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. டாங்கி டிவிஷன் தலைமையகம் இருந்த அதே யேனாவோடு எர்லாங்கன் 1987-இல் நகர உறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊராட்சிகள் கைகுலுக்குவதற்கு ராணுவங்கள் விலகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

இந்த மோட்டார் ரைபிள் டிவிஷன் என்ற அமைப்பைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. நூல்களாகவும் அருங்காட்சியகங்களாகவும் ரஷ்யர்கள் சொல்லும் கதையில் ஒரு கொடி ஸ்டாலின்கிராடிலோ குர்ஸ்கிலோ புறப்பட்டு, பெர்லின் வழியாக இன்றுவரை அறுபடாமல் வருகிறது. மேற்கில் நீண்ட காலம் சொல்லப்பட்ட கதையில் அதே டிவிஷன் ஒரு வாரத்தில் ரைன் நதியைத் தொட்டுவிடும் இயந்திரம். இரண்டையும் ஒரு டிவிஷனின் உண்மையான பதிவை வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம். இதற்கு நான் எடுத்துக்கொள்வது 20-ஆம் கார்ட்ஸ் மோட்டார் ரைபிள் டிவிஷன். பனிப்போரில் அது லைப்சிக்குக்குப் பக்கத்தில் கிரிம்மாவில், 1-ஆம் கார்ட்ஸ் டாங்கி ராணுவத்தின் கீழ் இருந்தது. எர்லாங்கனுக்கு நேர் எதிரே நின்றவர்கள் 8-ஆம் ராணுவத்தினர்தான். ஆனால் ஜெர்மனியிலிருந்து திரும்பிய பிறகு கடும் போரில் சோதிக்கப்பட்டதாலும், அந்தச் சோதனை 8-ஆம் ராணுவத்தின் வாரிசுத் தலைமையகத்தின் கீழேயே நடந்ததாலும் 20-ஆம் டிவிஷனே நல்ல சான்று.

அதன் முன்னோடி 1942 செப்டம்பரில் உருவான 3-ஆம் இயந்திரமயக் கோர். முதல் தளபதி மிகயீல் கத்துகோவ். முதல் போர், அந்த ஆண்டு நவம்பரில் ருஷேவ் முனையில் லூச்செசா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்த தாக்குதல். ஸ்டாலின்கிராட் வெற்றிக்கு இணையாகத் திட்டமிடப்பட்ட அந்த ‘மார்ஸ்’ நடவடிக்கை பெரும் இழப்போடு தோற்றது. சோவியத் வரலாற்று நூல்கள் பல பத்தாண்டுகள் அதை ஓரத்தில் ஒதுக்கி வைத்தன. அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் கிளாண்ட்ஸ் 1999-இல் தனிநூல் எழுதிய பிறகே பலருக்கும் அதன் அளவு தெரிந்தது. டிவிஷன் கதையின் முதல் அத்தியாயம் ஒரு தோல்வி. ஆனால் கொடியில் தொங்கும் பதக்கங்கள் குர்ஸ்கிலிருந்து பேசத் தொடங்குகின்றன.

குர்ஸ்கின் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. 1943 ஜூலையில் ஒபோயான் சாலையில் ஜெர்மனியின் 48-ஆம் பான்சர் கோரை மறித்து நின்றவர்களில் இந்தக் கோரும் ஒன்று. உயிரைக் கொடுத்து நேரத்தை வாங்கினார்கள். அக்டோபரில் ‘கார்ட்ஸ்’ என்ற சிறப்பும் 8 என்ற புது எண்ணும் கிடைத்தன. குர்ஸ்கில் தளபதியாக இருந்தவர் செம்யோன் கிரிவோஷெயின். 1939 செப்டம்பரில் பிரெஸ்ட் நகரத்தில் ஜெர்மானியத் தளபதி ஹைன்ஸ் குடேரியனுக்குப் பக்கத்தில் நின்று ஜெர்மானியப் படை வெளியேறும் அணிவகுப்பைப் பார்த்த அதே கிரிவோஷெயின்தான். போலந்தைப் பங்குபோட்ட அந்த மேடையிலிருந்து நான்கே ஆண்டுகளில், அதே எதிரியை மறித்த ஒபோயான் சாலைக்கு அவர் வந்திருந்தார். எந்த டிவிஷன் அருங்காட்சியகமும் இந்த இரண்டு படங்களையும் ஒரே சுவரில் மாட்டாது.

1944 வசந்தத்தில் இவான் திரியோமோவ் தலைமையில் கோர் தினெஸ்தர் ஆற்றைக் கடந்து செர்னிவ்ட்சி பக்கம் சென்றது. அதற்குக் ‘கார்பாத்தியச் சாரல்’ என்ற பட்டம். 1945-இல் ஸேலோவ் மேடுகளும் பெர்லினும். அதற்கு இரண்டாம் பட்டம். போர் முடிந்ததும் கோர் டிவிஷனாகச் சுருங்கியது. 1957-இல், ஜூகோவ் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, பழைய ரைபிள் டிவிஷன்களும் இயந்திரமய டிவிஷன்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு மோட்டார் ரைபிள் டிவிஷன்கள் ஆயின. 20 என்ற எண் அப்போது வந்தது.

அந்த அச்சில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று மோட்டார் ரைபிள் ரெஜிமெண்ட்கள், ஒரு டாங்கி ரெஜிமெண்ட், ஒரு பீரங்கி ரெஜிமெண்ட், விமான எதிர்ப்பு, வேவு, பாலம் கட்டுவோர், ரசாயனப் பாதுகாப்பு. முழு ஆள்பலத்தில் சுமார் 12,000 முதல் 13,000 பேர், இருநூறுக்கு மேல் டாங்கிகள். நடந்துபோகும் காலாள் என்ற ஆளே இல்லை; எல்லோருக்கும் வண்டி. ஏன் அப்படி? 1954 செப்டம்பரில் தோத்ஸ்கோயே பயிற்சித் தளத்தில் உண்மையான அணுகுண்டைப் போட்டு, ஏறத்தாழ 45,000 வீரர்களை அதைச் சுற்றிப் பயிற்சி செய்யவைத்த தலைமை அது. ஜெர்மனியில் வரப்போகும் போர் அணுக்கதிர் படிந்த நிலத்தில் நடக்கும் என்று நம்பினார்கள். அந்த நிலத்தில் இறங்கி நடக்கக் கூடாது, நிற்கக் கூடாது. கடந்து போய்விட வேண்டும்.

1967 அணிவகுப்பில் காட்டப்பட்ட பிஎம்பி வண்டி அந்த எண்ணத்தின் முழு உருவம். காற்றுப் புகாத உடல், உள்ளே அழுத்தம் கூட்டிய காற்று, பக்கவாட்டில் துப்பாக்கி நீட்டத் துளைகள், மேலே 73 மி.மீ. பீரங்கி. மூன்று பேர் வண்டியை நடத்த, எட்டுப் பேர் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்தபடியே சுட வேண்டும். அப்போது மேற்கில் இதற்கு ஈடான வண்டி இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காலாளின் வேலை வண்டியிலிருந்து இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. இந்த வடிவமைப்பு அவனைப் பயணியாக்கியது. எட்டில் இருவர் காயம்பட்டால், ஒருவருக்கு நோய் வந்தால், அந்த வண்டிக்குக் காலாட்படை கிட்டத்தட்ட இல்லை.

ஃபெர்ரிஸ் பாசறைக் காலத்தில் இந்தப் பலவீனத்தை மேற்கில் யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எடுபட்டது வேறு குரல். 1981 முதல் பென்டகன் வெளியிட்டுவந்த ‘சோவியத் ராணுவ பலம்’ வண்ணப் புத்தகம் டிவிஷன்களை எண்ணியது, டாங்கிகளை எண்ணியது. 1983-இல் ஆண்ட்ரூ காக்பர்ன் எழுதிய ‘தி த்ரெட்’ நூல், குடிவெறி, புதிய ஆட்களை மூத்தவர்கள் அடித்து நொறுக்கும் வழக்கம், மொழி புரியாத மத்திய ஆசியப் பையன்கள் என்று உள்ளே இருந்த ஓட்டைகளைக் காட்டியது. இருவருமே பாதிதான் சரி. டாங்கி எண்ணிக்கை போர்வலிமை ஆகாது என்ற இடத்தில் காக்பர்ன் வெல்கிறார். ஆனால் கிழக்கு ஜெர்மனியில் இருந்த டிவிஷன்கள் முழு ஆள்பலமும் புதுத் தளவாடமும் கொண்ட முதல் தரம்; சோவியத்துக்குள் தூங்கிய, ரிசர்வ் ஆட்களை அழைத்தால்தான் எழும் டிவிஷன்களின் குறைகளை இவற்றின் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. 1979-இன் ‘ரைனுக்கு ஏழு நாள்’ பயிற்சி வரைபடத்தை 2005-இல் போலந்து வெளியிட்டபோது உலகம் அதிர்ந்தது. அது பயிற்சித் திட்டம்தான். ஆனால் அணுகுண்டுகளைத் தாராளமாகத் தூவிய பிறகுதான் அந்த ஏழு நாள் கணக்கே தேறுகிறது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. மோட்டார் ரைபிள் டிவிஷன் தனியாக ரைனை எட்டும் என்று சோவியத் திட்டக்காரர்களே நம்பவில்லை.

இந்த வழக்கில் எர்லாங்கன் பிரிகேட்டையே சாட்சிக் கூண்டில் ஏற்றுபவர்கள் உண்டு. 1990 கடைசியில் அந்தப் பிரிகேட் பவேரியாவிலிருந்து சவூதி பாலைவனத்துக்குப் போனது. கர்னல் மாண்ட்கோமரி மெய்க்ஸ் தலைமையில் 1991 பிப்ரவரி 27 அன்று மதீனா மேட்டில் இராக்கியக் குடியரசுக் காவல்படையின் மதீனா டிவிஷனைச் சந்தித்து, ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 60 டாங்கிகளை அழித்ததாகக் கணக்கு. எரிந்தவற்றில் சோவியத் வடிவமைப்பில் வந்த டி-72கள் இருந்தன. உடனே, ஜெர்மனியில் நடக்காத போரின் முடிவு இராக்கில் தெரிந்துவிட்டது என்றார்கள்.

இந்தச் சாட்சியத்தை நான் ஏற்க மாட்டேன். இராக்கியரிடம் இருந்தவை ஏற்றுமதிக்கான தரம் குறைந்த வகைகள். வானம் முழுக்க அமெரிக்கர் கையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அமெரிக்க எம்1ஏ1 டாங்கிகள் எதிரியின் குண்டு எட்டாத தூரத்திலிருந்து வெப்பப் பார்வைக் கருவி வழியே சுட்டன. ஃபிராங்கோனியாவில் அந்த வசதி ஏது? பாம்பெர்க்கிலிருந்து எர்லாங்கன் வரை வந்து பாருங்கள்: காடு, மேடு, மீன் வளர்க்கும் குளங்கள், அரை மணி நடைக்கு ஒரு கிராமம். அப்படிப்பட்ட நிலத்தில் நீண்ட தூரப் பார்வைக்கோடே அபூர்வம். மதீனா மேடு காட்டுவது இராக்கிய ராணுவத்தைத்தான். கிரிம்மா டிவிஷனை அல்ல.

கிரிம்மா டிவிஷனுக்கு அதன் சொந்தச் சாட்சியம் இருக்கிறது. ஜெர்மனியில் இருந்த காலத்தில் அதன் ஒரே போர்க்கள நடவடிக்கை 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போனது. எதிர்த்துச் சுடாத ஒரு நாட்டைப் பிடித்ததைப் போர்த் தகுதிக்குச் சான்றாக யாரும் எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன். பிறகு சோவியத் படைகள் ஜெர்மனியை விட்டு வெளியேறுவதற்கான 1990 ஒப்பந்தம். ஜெர்மனி கொடுத்த மார்க்குகளில் 7.8 பில்லியன், திரும்பிப் போகும் ராணுவத்தினருக்கு வீடு கட்ட. 1994 ஆகஸ்ட் இறுதிக்குள் கடைசி வீரரும் போய்விட்டார். 20-ஆம் டிவிஷன் வோல்கோகிராடுக்குப் போனது. அங்கேயே வந்து சேர்ந்த 8-ஆம் கார்ட்ஸ் ராணுவத் தலைமையகம் கோராகச் சுருங்கி, ஜெனரல் லெவ் ரோக்லினின் கீழ் வந்தது.

வோல்கோகிராட் என்பது பழைய ஸ்டாலின்கிராட். 8-ஆம் கார்ட்ஸ் ராணுவமோ ஸ்டாலின்கிராடைக் காத்த ஜெனரல் சுய்கோவின் 62-ஆம் ராணுவத்தின் மறுபெயர். 1942-இல் அந்த இடிபாடுகளில் சுய்கோவின் ஆட்கள்தான் சிறு தாக்குதல் குழுக்களைக் கண்டுபிடித்தார்கள்: துணை இயந்திரத் துப்பாக்கியும் கையெறிகுண்டும் ஏந்திய சிலர் முதலில் வீட்டுக்குள் பாய, பின்னால் கனரக ஆயுதத்தோடு சிலர், அவர்களுக்குப் பின்னால் ரிசர்வ். நகரச் சண்டையின் இலக்கணமே அதுதான். வேறு எந்த ராணுவத்துக்கும் இந்த அளவு உரிமை கிடையாது. அப்படியென்றால், 1994 டிசம்பர் 31 அன்று குரோஸ்னிக்குள் ரஷ்யப் படைகள் நுழைந்தபோது அந்த இலக்கணம் எங்கே போயிற்று?

வடக்கிலிருந்து 131-ஆம் மாய்கோப் பிரிகேட் வரிசையாக ரயில் நிலையம் வரை ஓட்டிப் போனது. அது 9-ஆம் மோட்டார் ரைபிள் டிவிஷனிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பிரிகேட். கூடவே 81-ஆம் மோட்டார் ரைபிள் ரெஜிமெண்ட். அதுவும் ஜெர்மனியிலிருந்து சமாராவுக்குத் திரும்பிய படைதான். சுற்றி வளைத்த செச்சென்கள் வரிசையின் முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் முதலில் அடித்து, நடுவில் சிக்கியவற்றை மாடியிலிருந்தும் நிலவறையிலிருந்தும் ஒவ்வொன்றாக எரித்தார்கள். மாய்கோப் பிரிகேட் தன் 26 டாங்கிகளில் 20-ஐயும் 120 கவச வண்டிகளில் 102-ஐயும் இழந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் தளபதி கர்னல் இவான் சாவினும் இறந்தார். அணுக்கதிருக்காக மூடிய அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆர்பிஜியிலிருந்து தப்ப வழியில்லை.

வடகிழக்கிலிருந்து வந்த ரோக்லினின் குழுவில் 20-ஆம் டிவிஷனின் ரெஜிமெண்ட்கள் இருந்தன. அவர்களும் அடிபட்டார்கள், ஆனால் சிதறவில்லை. ரோக்லின் வந்த வழி நெடுக காவல் நிலைகளைப் போட்டுவிட்டு முன்னேறினார். உணவுத் தொழிற்சாலை வளாகத்தைப் பிடித்து அதையே கோட்டையாக்கினார். வண்டியோட்டத்தை நிறுத்தி, கட்டிடம் கட்டிடமாகப் போனார். ஜனவரி 19 அன்று அதிபர் மாளிகை விழுந்தது. ‘ரஷ்ய வீரர்’ பட்டத்தை அவர் மறுத்தார். சொந்த நாட்டு மண்ணில் நடந்த போருக்குப் பதக்கம் அணிய மனம் ஒப்பவில்லை என்பது காரணம். 1998 ஜூலையில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொடிக் கதைக்காரர்கள் இதைத் தங்கள் பக்கச் சாட்சியாகக் காட்டலாம்: ‘பாருங்கள், கார்ட்ஸ் மரபுதான் காத்தது.’ ஒத்துவரவில்லை. 81-ஆம் ரெஜிமெண்டுக்கும் கார்ட்ஸ் சிறப்பும் பெர்லின் வரை போன பழங்கதையும் உண்டு, எதுவும் காக்கவில்லை. ரோக்லினைக் காத்தது, டிவிஷனின் அச்சு சொன்னதைச் செய்யாமல் விட்டது. தாக்குதல் குழுக்களை மற்ற ரஷ்யப் படைகள் அந்த ஜனவரியில்தான் திரும்பக் கற்றன. ஐம்பத்திரண்டு ஆண்டுகளாகக் கொடியைப் பத்திரமாகத் தூக்கி வந்தவர்கள், கொடியின் கீழே கற்றதை வழியில் விட்டுவிட்டார்கள்.

இது ரஷ்யர்களுக்கு மட்டும் உரிய குறை என்று தமிழ் வாசகர் நினைக்க வேண்டாம். செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜிதான் இந்தியாவில் இயந்திரமயக் காலாட்படைக்கு முதன்மையான வாதி. சமவெளிக் காலாட்படை டிவிஷன்களில் ஒரு பிரிகேட்டை இயந்திரமயமாக்கிய ‘ராபிட்’ அமைப்பும் அவர் யோசனை. பாகிஸ்தான் சமவெளிக்காக அவர் நம்பிய சோவியத் பிஎம்பிகளும், ஆவடியில் தயாரான வகையைச் சேர்ந்த டி-72களும், அவர் தலைமைத் தளபதியாக இருந்த 1987 அக்டோபரிலேயே யாழ்ப்பாணத் தெருக்களுக்குப் போக நேர்ந்தது. 54-ஆம் காலாட்படை டிவிஷன் அந்தச் சிறு நகரத்தைப் பிடிக்கச் சுமார் இரண்டு வாரம் ஆனது. சாலைக்கு அடியில் புதைத்த வெடிகள் கவச வண்டியின் அர்த்தத்தையே மாற்றின. அங்கே செத்த பொதுமக்களின் கணக்கு வேறு; எந்த டிவிஷன் வரலாற்றிலும் அந்தக் கணக்குக்கு இடமில்லை, 20-ஆம் டிவிஷனின் குரோஸ்னிப் பக்கத்திலும் இல்லை.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகப் பார்க்க வேண்டும். 201-ஆம் மோட்டார் ரைபிள் டிவிஷன் 1980-இல் ஆப்கானிஸ்தானுக்குப் போய், குந்தூஸ் பகுதியில் 1989 வரை தாக்குப்பிடித்தது. பிறகு தாஜிகிஸ்தான் உள்நாட்டுப் போரிலும் நின்றது. இன்றும் அங்கே ராணுவத் தளமாக இருக்கிறது. ஆக, இந்த அமைப்பால் கற்க முடியாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆப்கானிஸ்தானில் அது கற்றது எப்படி? மலைச்சரிவை நோக்கி மேலே உயராத 73 மி.மீ. பீரங்கிக்குப் பதில் 30 மி.மீ. துப்பாக்கி கொண்ட பிஎம்பி-2 வந்தது. டிவிஷனாக நகர்வதைக் கைவிட்டு பட்டாலியன்களாகப் பிரிந்தார்கள். கடினமான வேலைகளுக்கு வான்வழிப் படையினரை அழைத்தார்கள். அதுவும் அச்சிலிருந்து விலகித்தான்.

2009-இல் பாதுகாப்பு அமைச்சர் செர்த்யூகோவின் சீர்திருத்தம் டிவிஷன்களைக் கலைத்து பிரிகேட்களாக்கியது. 20-ஆம் டிவிஷனும் பிரிகேட் ஆனது. பிறகு பெருமை திரும்பியது: 2013-இல் தாமான், காந்தெமிரோவ் டிவிஷன்கள் மீண்டன, 2021-இல் 20-ஆம் டிவிஷனும். பெயர்ப்பலகையும் கொடியும் திரும்பின. ஆட்கள் அதே அளவில் திரும்பவில்லை. 2022 படையெடுப்பை ஆராய்ந்த மைக்கேல் கோஃப்மனும் ராப் லீயும் சுட்டிய மையமான குறை இதுதான்: பீரங்கியும் கவச வண்டியும் நிறைய, இறங்கிச் சண்டையிடக் காலாள் குறைவு. 1967-இன் பயணி இன்னும் பயணியாகவே இருந்தான்; இப்போது சில இருக்கைகள் காலியாகவும் இருந்தன. அதன் பிறகு ரஷ்யர்கள் வெற்றி கண்ட இடங்களில் வேலையைச் செய்தது பீரங்கியும், கால்நடையாகப் போகும் தாக்குதல் குழுக்களும். பீரங்கியைப் பொறுத்தவரை டிவிஷனுக்கு முழு மதிப்பெண் தர எனக்குத் தயக்கமில்லை. அடிபட்டும் ஆள் நிரப்பி மீண்டும் நிற்கும் பிடிவாதத்துக்கும் பாதி மதிப்பெண் உண்டு. அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதால்தான் மீதிப் பாதியைப் பிடித்துக்கொள்கிறேன்.

எனவே என் தீர்ப்பு இரு பக்கத்தாருக்கும் கசக்கும். மோட்டார் ரைபிள் டிவிஷன் ஒரே ஒரு போருக்காக, மிகுந்த அறிவோடு வடிவமைக்கப்பட்டது. அந்தப் போர் நடக்கவே இல்லை. எர்லாங்கனை அது பிடித்திருக்குமா என்ற கேள்விக்கு மதீனா மேடும் விடை தராது, பென்டகன் படப்புத்தகமும் தராது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த போர்களில் அது தன் அச்சில் நின்றபோது தோற்றது, அச்சை உடைத்தபோதுதான் பிழைத்தது. தொடர்ந்து வந்தது எண்ணும் பட்டமும் மட்டுமே. திறமை ஒவ்வொரு தடவையும் புதிதாக, புதிய ஆட்களின் ரத்தத்தில் கற்கப்பட்டது. ஆகவே 20-ஆம் டிவிஷனின் கதையை 1942 முதல் இன்றுவரை ஒரே வீர வரலாறாக எழுதுவது வரலாற்றுப் பிழை. செர்னிவ்ட்சி பக்கம் வென்று வாங்கிய ‘கார்பாத்தியச் சாரல்’ பட்டத்தோடு அது 2022-இல் நுழைந்தது கெர்சனுக்குள். செர்னிவ்ட்சி, கெர்சன் இரண்டும் உக்ரைன் நகரங்கள்.